முக்காலி டொக்டரும் சூசையின் பெட்டியும்

உலகத்தில் மனிதரைக் கொல்வது கிருமியோ கொழுப்போ வயதோ அல்ல, டொக்டர்மார் நின்றுகொண்டு கதைப்பதுதான் என்று மனமார நம்பிய ஒரே மருத்துவ நிபுணர் எங்கள் முக்காலி டொக்டர். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. இருந்து என்ன பயன்? அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆஸ்பத்திரிக் காவலாளியே கையை விரிப்பார். "முக்காலி" என்றால் வேலணையிலிருந்து நெடுந்தீவு வரை சின்னப்பிள்ளையும் வழி காட்டும்.

டொக்டராகிய பிறகும் ஆசை தீராமல், மேலே படித்துப் பொது மருத்துவத்தில் நிபுணராகலாம் என்று அவரிடம் பயிற்சிக்குப் போன ஆறேழு பேரில் நானும் ஒருத்தி. முதல் நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு முக்காலி தந்தார். வேப்பமரத்தில் செய்தது, முழங்கால் உயரம். ஸ்டெதஸ்கோப்பை மறந்து வந்தால் மன்னிப்பார். முக்காலியை மறந்து வந்தால் அன்று முழுவதும் அவர் கண்ணுக்கு நாங்கள் தெரியமாட்டோம்.

அவருடைய வேதம் ஒற்றை வரிதான். நோயாளியின் கண்ணும் டொக்டரின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். மேலேயிருந்து வரும் சொல் காதில் விழும், நெஞ்சில் ஏறாது என்பார். ஆகவே காலையில் அவர் முன்னே, நாங்கள் பின்னே, ஒவ்வொருவர் அக்குளிலும் ஒவ்வொரு முக்காலியாக வாட்டுக்குள் நுழைவோம். கலியாண வீட்டுக்குத் தேங்காய் துருவ வந்த கூட்டம் போலவே இருக்கும். புதிதாக வந்து படுத்திருந்த அனலைதீவு ஆச்சி ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திருவலை கொண்டந்திட்டியள் பிள்ளையள், தேங்காய் எங்கை?" என்று கேட்டார். அன்றைக்குப் படிப்பு அத்தோடு முடிந்தது. முதலில் சிரித்தவர் முக்காலிதான்.

எங்களில் ஒருவனுக்குக் கொக்கு என்று பெயர். ஆறடிக்கு மேல் வளர்ந்த பிள்ளை. முக்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதைத் தொடும். பாவம், ஒருநாள் இடுப்பு வலி தாங்காமல் எழுந்து நின்று நோயாளியின் விபரத்தை ஒப்புவிக்கத் தொடங்கினான். முக்காலி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தாதியிடம், மேலே யாரோ கதைக்கிற சத்தம் கேட்கிறதே, கூரைக்குள் ஆள் இருக்கிறதோ என்று மிகவும் கவலையோடு விசாரித்தார். கொக்கு மடாரென்று உட்கார்ந்தான்.

கொழும்பிலிருந்து பயிற்சியைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரிக்கும் இதே மரியாதைதான். அந்த ஐயாவின் உடம்பும் பதவியைப் போலவே பெரியது. முக்காலி தன் ஆசனத்தையே கொடுத்து அவரை இருத்தினார். இருந்தவரால் எழும்ப முடியவில்லை. கொக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பின்னால் ஒரு தாதி என்று பிடித்துத் தூக்கி விட்டோம். போகும்போது அவர் பயிற்சி மிகவும் ஆழமாக நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் ஒருமுறை எங்களைத் தீவுப் பக்கம் கூட்டிப்போவார். பட்டணத்துக்கு வர வழியில்லாத நோயாளிகளை அவர்களுடைய இடத்திலேயே போய்ப் பார்த்தால்தான் மருத்துவம் படியும் என்பது அவர் கொள்கை. பஸ்ஸில் இடமில்லாவிட்டால் நடுவழியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மண்டைதீவுச் சந்தி தாண்டுவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் நாக்கு, நகம், கால்வீக்கம் எல்லாம் பார்த்து முடித்து, எங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். தப்பான பதில் சொன்னால் முழு பஸ்ஸும் உச்சுக்கொட்டும். நான் பரீட்சைக்குப் பயந்ததைவிட அந்த பஸ்ஸுக்குப் பயந்ததுதான் அதிகம்.

இப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் ஒரேயொரு தடவை ஒரு நோயாளியிடம் நின்றுகொண்டு செய்தி சொன்னார். அந்த நோயாளி நெடுந்தீவுச் சூசை.

சண்டை ஓய்ந்து, கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலம். சூசை கடற்தொழிலாளி, ஐம்பது வயது மதிக்கலாம். மாதக் கணக்காக இருமல், சளியில் இரத்தம், ஆள் காய்ந்த திருக்கை மாதிரி வற்றிப்போயிருந்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் ஒரு கட்டி போல நிழல். சளியைச் சோதித்தோம், கசம் இல்லை என்று வந்தது. கசம் என்று நாங்கள் சொல்வது காசநோயைத்தான். பிறகு நெஞ்சிலிருந்து சிறு துண்டு சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். பதில் வரக் காலம் எடுக்கும். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான், புற்றுநோய்.

வீட்டுக்குப் போகும் நாளன்று சூசை பையும் கையுமாக நடைபாதையில் முக்காலியை மறித்தார். உள்ளதைச் சொல்லச் சொன்னார். முக்காலி வாட்டுக்குள் கூப்பிட்டார், உட்கார்ந்து கதைப்போம் என்றார். அவர் கேட்கவில்லை. இந்த பஸ்ஸை விட்டால் குறிகட்டுவானில் கடைசி லோஞ்ச் போய்விடும், நெடுந்தீவுக்கு நீந்தியா போவது என்று கேட்டார். முக்காலியின் ஆசனம் வாட்டுக்குள் கிடந்தது. ஒரு கணம் இங்கும் அங்கும் பார்த்தார். பிறகு அந்த நடைபாதையிலேயே, நின்ற நிலையில், பெரும்பாலும் புற்றுநோய்தான், மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார். சூசை தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அதன்பிறகு முக்காலிக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் பிழையான பதில் சொன்னாலும் கூரையைப் பார்க்கவில்லை. அப்படி அவர் பகிடியே விடாமல் இருப்பது எங்களுக்கு ஏச்சு வாங்குவதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் முடிவு சொன்னார்கள். புற்றுநோய் இல்லை. கசம். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் முழுதாகச் சுகமாகும் கசம். ஆனால் இரண்டு மாதமாக மருந்தே இல்லாமல் கிடக்கும் மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. நெடுந்தீவுக்குப் போகும் யாரிடமாவது சொல்லி அனுப்பலாம், அவரை இங்கே வரச் சொல்லலாம் என்று கொக்கு சொன்னான்.

"சொல்லி அனுப்ப ஏலாது," என்றார் முக்காலி. "சாவு எண்டு சொன்ன வாய் எதுவோ, அந்த வாய்தான் போய் இல்லையெண்டு சொல்லவேணும். வெளிக்கிடுங்கோ."

குறிகட்டுவான் துறையில் கடற்படைச் சோதனை. மருந்துப் பெட்டியைப் பார்த்தார்கள், விட்டார்கள். டொக்டரின் அக்குளில் இருந்த முக்காலியைப் பார்த்ததும் அங்கே நின்ற இளம் கடற்படைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தார், ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்தார். முக்காலி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதன் மருத்துவ முக்கியத்துவத்தை விளக்க, சந்தேகம் இரட்டிப்பாகியது. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்துவிட்டார். எங்களுடையதையும் விடவில்லை. லோஞ்சில் போன நேரம் முழுக்க டொக்டர், நடுக்கடலில் செருப்பைத் தொலைத்தவர் போல இருந்தார். அலைக்கு நான் ஒருபக்கம் சத்தி எடுத்துக்கொண்டிருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சூசையின் வீட்டு வாசலில் அவருடைய மனைவி ஞானம்மா நின்றார். மனுசன் இருக்கிறாரா என்று கேட்க நாங்கள் வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. என் வாழ்க்கையில் ஓர் இருமலைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

சூசை பாயில் சாய்ந்திருந்தார். எலும்பும் தோலும்தான். முக்காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். கதிரை இல்லை, வாங்கு இல்லை. சுவரோரமாக, பழைய சேலை போர்த்தி, நீளமாக ஒரு பெட்டி மட்டும் கிடந்தது. உயரம் அளவெடுத்ததுபோல் இருந்தது. மனிதர் வேறெதையும் யோசிக்காமல் அதில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டி தலைமாட்டில் அகன்று கால்மாட்டில் ஒடுங்கியிருந்ததை நானும் கொக்கும் பார்த்துவிட்டோம். கொக்கு என் கையைப் பிடித்தான். சொல்ல வழியில்லை, அவர் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்குக் கண் பார்த்து, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். வந்திருப்பது கசம், மருந்து கையோடு கொண்டுவந்திருக்கிறோம், ஆறு மாதம் தவறாமல் விழுங்கினால் தோணி இழுக்கலாம் என்றார். சூசைக்கு ஆனந்தம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஞானம்மாவின் தமையன், பக்கத்து வளவுக்காரர், தச்சு வேலை செய்பவர். அவரோடு பத்து வருசமாகக் கல்வேலிச் சண்டை. சாகப்போகிறோமே என்று சூசை மச்சானைக் கூப்பிட்டு மன்னித்து, வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டவும் சம்மதித்துவிட்டாராம். சாகாவிட்டால் அந்த ஒரு முழத்துக்கு என்ன வழி என்று இருமல்களுக்கு நடுவே கேட்டார்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்தை நீட்டிய என் கையை ஒதுக்கினார்.

"அண்டைக்குச் சாவன் எண்டு சொன்னதும் நீங்கள். இண்டைக்குப் பிழைப்பன் எண்டு சொல்லுறதும் நீங்கள். நான் எந்த டொக்டரை நம்புறது?"

அந்த மனிதர் மருந்தை வேண்டாம் என்றுவிட்டால் நாங்கள் வந்து பயனில்லை.  முக்காலி பெட்டியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"நான் பிழை விட்டனான், சூசை," என்றார். "அண்டைக்கு நிண்டுகொண்டு சொன்னனான். நிண்டுகொண்டு சொல்லேக்கை நான் உம்மைப் பாக்கேல்லை, உம்மடை பஸ்ஸைத்தான் பாத்தனான். அவசரப்பட்டு, தெரியாததைத் தெரிஞ்சமாதிரிச் சொல்லிப்போட்டன். இண்டைக்கு இருந்துகொண்டு சொல்லுறன்."

சூசை மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தார். வற்றிய அந்த முகத்தில் ஒரு சிரிப்பு ஊறி வந்தது.

"ஓம், அதுவும் சரி. ஒருத்தனும் இன்னொருத்தன்ரை சவப்பெட்டியிலை இருந்துகொண்டு பொய் சொல்லான்."

முக்காலி குனிந்து பார்த்தார். சேலையை விலக்கினார். பழைய வள்ளப் பலகை, நீலச் சாயம் அங்கங்கே இன்னும் போகாமல் இருந்தது. சமாதானமான மச்சான் தன் கையாலேயே செய்து கொடுத்த அன்பளிப்பாம். எங்கள் பேராசான் துள்ளி எழும்பவில்லை. பலகையைத் தடவிக்கொண்டு, உயரம் நல்ல அளவு என்று மட்டும் சொன்னார். ஞானம்மாதான் பதறினார். சும்மா கிடக்கிற பெட்டிதானே என்று அதற்குள் காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் போட்டு வைத்திருந்தாராம், பாரத்துக்கு நொறுங்கிவிடும் என்று அவருக்குப் பயம். சூசை சிரித்து, சிரிப்பில் இருமி, இருமல் அடங்கியதும் கையை நீட்டினார். முதல் மாத்திரையை எங்கள் முன்னாலேயே விழுங்கினார்.

திரும்பும்போது லோஞ்சில் நல்ல இடம் இருந்தது. முக்காலி உட்காரவில்லை. குறிகட்டுவான் வரும்வரை முன்பக்க அணியத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று தலைமயிரை என்ன பாடு படுத்தியும் அவர் கவனிக்கவில்லை. இருக்கச் சொல்லிக் கூப்பிட்ட கொக்கிடம், நல்ல செய்தி சொன்ன மனுசன் நிற்கலாம் என்றார். துறையில் எங்கள் முக்காலிகள் பத்திரமாக இருந்தன. அந்தக் கடற்படைக்காரர் ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருசம் சூசை கன்னத்தில் சதை வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் நீலச் சாயம் பூசிய ஒரு முக்காலி. பெட்டியை உடைத்து மச்சான் செய்ததாம். முக்காலி அதை வாங்கி, அதில் உட்கார்ந்து, வேட்டியால் மூக்கைத் துடைக்கக் குனிந்துகொண்டே எங்களை வேலையைப் பார்க்கச் சொல்லி அதட்டினார். அவர் வேட்டி கட்டியிருக்கவில்லை, நீளக் காற்சட்டை என்பதை மூக்கு முழங்காலைத் தொட்ட பிறகுதான் உணர்ந்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் கடல் கடந்து வேறொரு ஊரில் வேலை செய்கிறேன். அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிடுவார். போன கிழமை குரலில் ஒரே குதூகலம். சூசை மச்சானோடு திரும்பவும் கதைப்பதில்லையாம். ஒரு முழத்தைத் திருப்பிக் கேட்டு வேலியைப் பிரித்துவிட்டாராம். ஆள் பூரண சுகம் என்பதற்கு இதைவிடச் சோதனை வேண்டுமோ என்று கேட்டார்.

அவர் எப்போது கூப்பிட்டாலும் முதற்கேள்வி ஒன்றுதான். "பிள்ளை, நீர் நிக்கிறீரோ, இருக்கிறீரோ?"

"இருக்கிறன், சேர்," என்பேன். பொய்யில்லை. எந்த நெரிசலில் நின்றாலும் சரி, அந்தக் குரலைக் கேட்டதும் நான் ஓர் இடம் தேடி உட்கார்ந்துவிடுகிறேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அவர் வாயிலிருந்து வந்தால் நெஞ்சுவரை வரட்டும்.