எதிர் வீட்டுத் தாத்தா

லிஃப்ட் திறந்தபோது ரொட்டிக்காரன் ஒரு கையில் டூத் பிரஷ்ஷும் மறு கக்கத்தில் தலையணையுமாக இரண்டு வீடுகளுக்கும் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் வரவேண்டிய மாமியார் காலையிலேயே பெட்டியோடு எதிரில் நின்றாள்.

"என்ன மாப்பிள்ளை, காலங்காத்தால தலையணையைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"எதிர் வீட்டுத் தாத்தாவோடது அத்தை. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வீடு மாறி வந்து எங்க வீட்டுல வச்சுட்டுப் போயிட்டார்."

"பிரஷ்ஷையுமா?"

"அதையும்தான்."

எதிர் வீட்டில் தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. அங்கே குடியிருப்பவன் சாட்சாத் ரொட்டிக்காரன்தான். இந்தப் பக்க வீட்டில் அவன் மனைவி. சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. பேக்கரி அடுப்பைப் பற்றவைக்க அவன் கோழி கூவும் முன்பே எழவேண்டும். அவள் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். ஊர் அடங்கினால்தான் அவளுக்கு வேலை ஓடும். அவன் விட்ட குறட்டையில் அவளுக்குக் கமாவும் முற்றுப்புள்ளியும் ஒன்றாகத் தெரிந்தன. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் தூக்கம் கெட்டு, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். அப்போதுதான் எதிர் வீடு காலியானது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் குளித்து, நல்ல சட்டை போட்டு, சூடான ரொட்டியோடு அவள் வீட்டு வாசலில் போய் நிற்பான். சாவி அவன் பாக்கெட்டிலேயே இருக்கும். இருந்தாலும் மணிதான் அடிப்பான். அவளும் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறப்பாள்.

இதை மாமனாரிடம் சொல்ல மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவர் தீயணைப்பு நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைத் தனியா விட்டுடாதீங்க மாப்பிள்ளை" என்று குரல் உடையச் சொன்னவர். அப்பா முகமே அறியாமல் வளர்ந்தவன் ரொட்டிக்காரன். அந்தக் கை அவனுக்கு அப்பாவின் கையாகத்தான் இருந்தது. அதை இழக்க அவனால் முடியாது. அதனால்தான் லீவு போட்டுவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களோடு பெண்டாட்டி வீட்டுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தான்.

மாமனார் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

"ஏம்பா, ரெண்டு பேரும் சேர்ந்து வரலையா?" என்றாள் மகள்.

"இடம் கிடைக்கலம்மா" என்றார் அவர்.

"அவருக்கு ஜன்னல் சீட்டுதான் வேணுமாம்" என்றாள் மாமியார், அதே நேரத்தில்.

ரொட்டிக்காரன் எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை. பிரஷ்ஷை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் எதிர் வீட்டில் அலாரம் அடித்தது. பகல் தூக்கத்திலிருந்து எழுவதற்காக அவன் வைத்தது. எடுத்துவர மறந்துபோயிருந்தான். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. ஆயுள் முழுக்க மணிச் சத்தத்துக்கு ஓடிய மனிதர் சும்மா இருப்பாரா? மாமனார் எழுந்துவிட்டார்.

"அந்தப் பெரியவர் ஏன் நிறுத்த மாட்டேங்கறார்?"

"அவருக்குக் காதும் கேக்காது மாமா."

"ஐயோ, கண்ணும் தெரியாம, காதும் கேக்காம, தனியாவா இருக்கார்? பாவம்!" என்று மாமியார் உருகினாள்.

"தனியா இருந்தா என்ன பாவம்? நிம்மதியா இருப்பார்" என்றார் மாமனார், வெடுக்கென்று.

மாமியார் அவரை ஒரு முறை முறைத்தாள். ரொட்டிக்காரனுக்கு வேர்த்துவிட்டது. மனிதர் மோப்பம் பிடித்துவிட்டாரோ?

அன்றிலிருந்து தாத்தாவுக்கும் சேர்த்துச் சமையல் நடந்தது. மூன்று வேளையும் மாமியார் ஒரு தட்டை மருமகன் கையில் கொடுத்தாள். அவன் எதிர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே சாப்பிட்ட வயிற்றில் அதையும் திணித்துக்கொண்டு வந்தான்.

"சாப்பிட்டாரா?"

"ஒரு பருக்கை விடல அத்தை."

"பாவம், எத்தனை நாள் பசியோ!" என்று அவள் அடுத்த வேளை இன்னும் தாராளமாக வைத்தாள். ரொட்டிக்காரனுக்குப் பெல்ட்டில் ஓட்டை பற்றாமல் போனது.

சமையலறையில் மனைவி கிசுகிசுத்தாள். "அப்பாகிட்ட ஏதோ சரியில்லைங்க. போன் பண்ணும்போதெல்லாம் வாக்கிங் போயிருக்கார்னு அம்மா சொல்லுவா. இங்க நாலு எட்டு நடக்கவே மூச்சு வாங்குது. இன்னிக்கு அம்மா டீயில சர்க்கரை போட்டா. 'நான்தான் சர்க்கரையை விட்டாச்சே'ங்கறார். 'அப்படியா, எப்பலேர்ந்து?'ன்னு அம்மா கேக்கறா!"

"நம்ம விஷயம் தெரிஞ்சு மனசு உடைஞ்சு போயிருப்பாங்க. அதான் ஒண்ணும் ஓடல" என்றான் அவன், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

இனியும் தின்றால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், தாத்தாவை ஊருக்கு அனுப்பிவிட்டான்.

"பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான் அத்தை."

அதோடு முடிந்திருக்கும், அந்த வாளி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். ரொட்டிக்குப் புளிக்கவைத்த மாவை அவன் எதிர் வீட்டு வாசல் கதவுக்கு உள்பக்கம் வாளியில் வைத்திருந்தான். அதற்குத் தினமும் புது மாவு போடவேண்டும். தட்டோடு போகும்போதெல்லாம் போட்டான். இந்தக் கலவரத்தில் அவன் மறந்திருப்பான் என்று நினைத்து, துணி காயப்போடும் சாக்கில் அவன் மனைவியும் போய்ப் போட்டாள். அவரவர் பாட்டை அவரவர் பார்த்தே பழகியவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜன்னலெல்லாம் சாத்திய வீடு, வெயில் வேறு.

மறுநாள் காலை மாமியார் வாசலில் நின்று அலறினாள். எதிர் வீட்டுக் கதவின் அடியிலிருந்து வெள்ளையாக என்னவோ, கொப்பளித்துக்கொண்டு, மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. புளித்த வாடை வேறு.

"ஊருக்கெல்லாம் போகலை! பெரியவர் உள்ளேதான் விழுந்து கிடக்கார்!" மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டார். "தள்ளுங்க! எத்தனை கதவு உடைச்சிருக்கேன்!"

பின்னால் போய், மூச்சைப் பிடித்து, தோளைச் சாய்த்தார். மூச்சு வாங்கும் உடம்பு, தேக்குக் கதவு. எலும்பு முறிந்துவிடும் என்று ரொட்டிக்காரனுக்குப் பகீரென்றது.

"வேண்டாம் மாமா! சாவி என்கிட்டதான் இருக்கு!"

கதவைத் திறந்தான். மாவைத் தாண்டி நால்வரும் உள்ளே போனார்கள். சுவரில் கல்யாண போட்டோ. கொடியில் அவனுடைய வெள்ளைக் கோட்டு. மேஜைமேல் நேற்றைய தட்டு.

"பெரியவர் எங்க?"

"நான்தான் மாமா அது."

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "சண்டை எதுவும் இல்ல மாமா. அவ தூங்கணும், நானும் தூங்கணும், அவ்வளவுதான். தனியா விட்டுடாதீங்கன்னு சொன்னீங்க. சத்தியமா விடலை. அவ இருமினாக்கூட எனக்கு இங்க கேக்கும்."

"நான் கேட்டுத்தான்ப்பா இப்படி இருக்கோம்" என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர் வந்து மணி அடிக்கறப்போ இன்னமும் எனக்குச் சந்தோஷமா இருக்குப்பா. யாரு என்ன நினைச்சாலும் பரவாயில்ல. நீங்க தப்பா நினைச்சா மட்டும் தாங்காது."

மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கல்யாண போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகனின் கையை இழுத்து, அன்றைக்குப் போலவே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மாமியாரின் தோள்கள் குலுங்கின. ரொட்டிக்காரனுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதீங்க அத்தை. வேணும்னா ஒரே வீட்டுக்கு வந்துடறோம்."

அவள் முகத்தைத் திருப்பினாள். அழுகை இல்லை, சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"போங்க மாப்பிள்ளை, நீங்களாவது எதிர் வீடு. எனக்கு இவரைப் பார்க்கணும்னா ரெண்டு பஸ் மாறணும்."