ஒன்பது பேர் தேர்ந்தெடுத்த ஹீட்டர்

"எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்றார் குழுத் தலைவர்.

ஒன்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். தெர்மாமீட்டர் இறங்கவில்லை. இருபது டிகிரியிலேயே நின்றது.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒம்பது டிகிரிதான் சார் இருந்துச்சு" என்றான் வீட்டுக்காரன்.

"அது குழு இல்லாதப்ப எடுத்த அளவு. செல்லாது."

அரசுக் குடியிருப்பில் எவரும் ஹீட்டர் வாங்குமுன், அதை வைக்கப்போகும் அறையிலேயே, கதவு சன்னல்கள் சாத்தப்பட்ட நிலையில், ஒன்பது பேர் கொண்ட குழு கூடித் தகுந்த ஹீட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. அறை பத்துக்குப் பத்து. அதில் கட்டில், தையல் மெஷின், மெஷின் முன்னால் அவன் மனைவி. நாற்பது பள்ளிச் சீருடைச் சட்டைகளை வெள்ளிக்கிழமைக்குள் அவள் தைத்துக் கொடுக்க வேண்டும். குளிரில் விரல்கள் மடங்கவில்லை. திங்கள் காலை வரை மூன்றுதான் முடிந்திருந்தன.

"இருபது டிகிரிக்கு ஹீட்டர் எதுக்கு?" என்றார் ஓர் உறுப்பினர்.

"குளிர் இல்லைன்னு சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல. ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிகாரம்" என்றார் தலைவர்.

தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள்.

"ஆயில் ஹீட்டர்தான் கௌரவம். இப்ப எல்லா வீட்டுலயும் அதுதான்" என்றார் எழுத்தர்.

"உங்க வீட்டுல?"

"எங்க மனு ரெண்டு வருஷமா நிலுவையில இருக்கு."

"ஃபேன் ஹீட்டர்னா அஞ்சே நிமிஷத்துல சூடு!" பொறியாளர் மேசை இல்லாததால் கட்டிலைத் தட்டினார். தெர்மாமீட்டரில் இருபத்திரண்டு. ஸ்வெட்டர்கள் கழன்றன. இருபத்து நாலில் கூட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. செவ்வாயும் அப்படியே. மெஷின் நிற்காமல் ஓடியது.

புதன்கிழமை கணவன் அலுவலகத்துக்கே போனான். தட்டச்சுக்காரர் கையுறையோடு தட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கயே ஹீட்டர் இல்லையா?"

"எங்களுக்கும் அதே குழுதான். கூட்டம் போட ஆள் சேரல. எல்லாரும் உங்க வீட்டுல இருக்காங்க."

அவன் மேலிடத்தில் போய் அழுதான். பலன் கிடைத்தது. வியாழன் பிற்பகல் தலைவர் அனுமதிக் கடிதத்தை மெஷின் மேல் வைத்தார்.

"எந்த ஹீட்டர் வேணும்னாலும் வாங்கிக்கலாம். குழு இத்துடன் கலைக்கப்படுகிறது."

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுத்தர் கதவைப் பார்த்தார். தலைவர் ஸ்வெட்டருக்குள் ஒரு கையை நுழைத்தார். மறு கையை நுழைக்க அவசரப்படவில்லை.

"அம்மாவுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா..."

இன்னும் பதினொரு சட்டைகள் பாக்கி. அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆயிரம் வாட்ஸ் போதுமா சார், ரெண்டாயிரம் வேணுமா?"

"ரெண்டாயிரம்!"

"ஆயிரமே ஜாஸ்தி!"

"வயரிங் தாங்காதுய்யா!"

"வயரிங்கைப் பத்தி உமக்கென்ன தெரியும்?"

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பொறியாளர் கட்டிலைத் தட்டினார். தலைவரின் ஸ்வெட்டர் மறுபடி கழன்றது. அவள் கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு அடியில் செருகிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.