கயிறு கட்டிய கால்

போட்ட மாவுக்கட்டு காய்ந்து கல்லாகி, வேங்கடபதியும் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள்தான் டாக்டர் சுகப்பிரியா எக்ஸ்ரே படத்தை நிதானமாகப் பார்த்தாள். ஒடிந்தது இடது கால். அவள் கட்டுப் போட்டது வலது காலில்.

அருப்புக்கோட்டையின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் தனியாகப் போட்ட முதல் கட்டு அது. வேங்கடபதியைப் போல நூல் மில்லில் அடிபட்டவர்களுக்கு அங்கேதான் வைத்தியம். செலவும் விடுப்புச் சம்பளமும் இன்சூரன்ஸ் பொறுப்பு. "நூல் கட்டியிருக்க காலுதான் டாக்டர்" என்று மில் மேஸ்திரி போனில் சொல்லியிருந்தார். கால் மாறிவிடக் கூடாதென்று அடிபட்ட காலில் நூலைச் சுற்றி அனுப்புவது அவர் வழக்கம். நாளெல்லாம் நின்று வேலை பார்த்ததில் இரண்டு காலுமே வீங்கித்தான் இருந்தன. அவள் நூலை நம்பினாள்.

இன்றைக்கு இன்சூரன்ஸ் அதிகாரி வேங்கடபதி வீட்டுக்கே போகிறார். தப்பான வைத்தியம் என்று தெரிந்தால் சம்பளத்தை நிறுத்துவார்கள். அவள்மேல் கேஸ் வரும். அதைவிட, ஒடிந்த கால் இரவெல்லாம் கட்டில்லாமல் என்ன பாடுபட்டதோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டுச் சாமான்களைப் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வேங்கடபதி பெயரைச் சொன்னதும் டிரைவர் கோட்டைச்சாமி வழி கேட்காமலே வண்டியை எடுத்தார்.

அனல் அடிக்கிற வெயிலில் வேங்கடபதி இடுப்புவரை கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். வலது கால் கட்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா வீடு தேடி வந்துருக்காக, காப்பி போடு" என்றார் மனைவி பஞ்சம்மாளிடம்.

"கட்டு இறுக்குதான்னு பாக்க வந்தேண்ணே."

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்மா."

"இல்லண்ணே, மாவு சரியில்ல. வேற போடணும்."

"நல்லா இருக்கறத எதுக்கும்மா பிரிச்சுக்கிட்டு?"

"சரி, அந்தக் காலையாவது காட்டுங்க."

"அது பாட்டுக்குக் கெடக்கு" என்று கம்பளியை இழுத்துச் செருகிக்கொண்டார்.

பஞ்சம்மாள் காப்பியோடு வந்தாள். "கட்டுப் போடுறப்ப என் கயித்த அவுத்துட்டீகளா டாக்டரம்மா? ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில, மில்லு நூலு அழுக்கா இருந்துச்சுன்னு எறிஞ்சுட்டு, நல்ல காலுல கோயில் கயிறு கட்டிவிட்டேன். அதுக்காவது ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல."

மேஸ்திரியின் நூல் என்று தான் நம்பியது அந்தக் கோயில் கயிற்றைத்தான் என்று சுகப்பிரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி அசோக் உள்ளே வந்தார். "எந்தக் காலு?"

"வலது" என்றார் வேங்கடபதி.

"இடது" என்றாள் பஞ்சம்மாள்.

"ரெண்டும்" என்று உளறினாள் டாக்டர்.

"அப்ப இன்னொரு காலுக்குக் கட்டு?"

"போடத்தான் வந்தேன்" என்று பையைத் திறந்தாள். பொய் அதற்குமேல் ஓடவில்லை.

"சார், தப்பு என்மேல. ஒடிஞ்சது இடது காலு, நான் வலதுல போட்டுட்டேன். என்மேல எழுதிக்கோங்க. அவரு சம்பளத்த மட்டும் நிறுத்திராதீங்க."

அசோக் கம்பளியை விலக்கினார். இடது காலில் புத்தம்புது மாவுக்கட்டு.

அவர் அந்தக் காலைப் பார்த்தார், இந்தக் காலைப் பார்த்தார். "ஒடிஞ்ச காலுல கட்டு இருக்கு. எனக்கு அது போதும். ஒரு கட்டு கூடிப்போச்சுன்னு எழுத எங்க கம்பெனி ஃபாரத்துல எடமே கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இது யாருண்ணே போட்டது?"

வேங்கடபதி ஓட்டுக் கூரையைப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த கோட்டைச்சாமிதான் தொண்டையைச் செருமினார்.

"நேத்தே நாந்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன் டாக்டரம்மா, அங்க ஒங்க கட்ட வெட்டிருவோம்னாக, அண்ணன்தான், 'தப்புக் காலுன்னு போடுறப்பவே தெரியும், ஆனா அந்தப் புள்ள மொத மொதல்ல கை நடுங்கப் போட்டது, அது பாட்டுக்கு நாலு நாளு இருக்கட்டும்'னுட்டாரு."