என் முடியை நான் எந்தக் கட்சிக்கும் கொடுக்கவில்லை

என் தலைமுடியை நான் எந்தக் கட்சிக்கும் நேர்ந்துகொண்டு கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் பாதிப் பேர், கொடுத்தேன் என்றுதான் நம்புகிறார்கள். மீதிப் பேர், வேறு கட்சிக்குக் கொடுத்தேன் என்று நம்புகிறார்கள்.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே என் ஆயுசு போனது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள் நான். படிப்பு இல்லை, நகை இல்லை. முடி இருந்தது. அவிழ்த்தால் தொடைக்குக் கீழே தொங்கும். "காலையில பெரட்டுக்கு மொதல்ல ஒங்கொண்டை போவுது, பொறகுதான் நீ போற" என்பார் என் வீட்டுக்காரர். ஆளைக் கூப்பிட்டு நிற்க வைக்கும் பெரட்டுக் களத்தில் அந்தக் கொண்டைக்கு ஒரு மரியாதை இருந்தது. (இருந்தது என்று நான் நினைத்தேன்.)

விடிந்ததும் மரங்களின் பட்டையைக் கீறி வெட்டிவிடுவோம். சிரட்டைகளில் பால் சொட்டி நிறையும்வரை ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். நான், பாக்கியம், சோமாவதி. பாக்கியம் என்னைவிட இளையவள், தொழிற்சங்கத்தில் மாதர் தலைவி. சோமாவதி கீழே கிராமத்துச் சிங்களப் பெண். தமிழ் நம்மைப் போலவே பேசுவாள், திட்டும்போது மட்டும் சிங்களத்துக்குப் போவாள். தேத்தண்ணிக் கேத்தல் என் பொறுப்பு. அதனால் தலைமையும் என்னுடையது என்று நானே வைத்துக்கொண்டேன்.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்று நாடே களைத்துப்போன பிறகு வந்த தேர்தல் அது. பாக்கியம் சங்கம் சொல்லும் ஆளின் பக்கம். சோமாவதி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற பக்கம். தினமும் ரொட்டியைப் பிய்க்கும்போதே சண்டையும் தொடங்கிவிடும்.

எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. நான் கைக்குழந்தையோடு இருந்த காலத்தில் ஒரு தடவை இனக் கலவரத்தில், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அன்றைக்கு எங்களைத் தன் வீட்டு அறையில் வைத்துப் பூட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தவர் சோமாவதியின் அம்மா. நெருப்பு வைத்தவர்களில் சிலரும் அதே கிராமம்தான். அன்றிலிருந்து யாராவது கட்சி, இனம் என்று குரலை உயர்த்தினால் எனக்கு வீட்டுக்கு ஓடிக் கதவைத் தாழிடத் தோன்றும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் நடக்காது என்பதுதான் நான் கண்ட அரசியல்.

ஆகவே ஒரு நாள் கேத்தலை மடியில் வைத்துக்கொண்டு சட்டம் போட்டேன்.

"இனிமே இந்த மரத்தடியில கட்சிப் பேச்சு பேசக்கூடாது. பேசறவளுக்குத் தேத்தண்ணி கெடையாது."

"அக்கா, நீங்க என்ன தொரையா?" என்றாள் பாக்கியம்.

"தொரைக்கு இந்தத் தேத்தண்ணி ஊத்தத் தெரியுமா? குடி."

சில நாள் நிம்மதியாக இருந்தது. சட்டத்தை மீறியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

பாக்கியத்தின் ஆட்கள் லயங்களுக்குக் கூரைத் தகரம் கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சோமாவதி ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, "தகரம் குடுத்தா அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டுருவாங்க ஒங்க ஆளுங்க" என்றாள்.

என் கூரை அப்போது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அதனாலேயே அந்தச் சொல் சுருக்கென்று இறங்கியது.

"ஒங்க ஆளுங்க போட்ட ஓட்டாலதான் நாடே வரிசையில நின்னுச்சு. பேச வந்துட்டா! ஒங்களுக்கு இன்னைக்கி வாயி, நாளைக்கி நெருப்புப் பெட்டி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. சோமாவதி சிங்களத்தில்கூடத் திட்டவில்லை. ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாளும் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் போய்ப் பேசுவேனா? (இந்தக் கொண்டையை வைத்துக்கொண்டா?)

பிறகு ஒரு நாள், பால் சேர்க்கும் நேரத்துக்கு முன்பே வானம் கறுத்தது. மழை இறங்கினால் சிரட்டையில் இருக்கும் பாலெல்லாம் தண்ணீராகிவிடும், அன்றைய பேர் அரைப் பேராகிவிடும், கூலியும் பாதிதான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் மரங்களை முதலில் முடித்தவள் பக்கத்து ஆளின் மரங்களுக்கு ஓடுவாள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

சோமாவதி ஓடி வந்தாள். என் மரத்துச் சிரட்டையை எடுத்து என் வாளியில் ஊற்றப் போனாள்.

"என் மரத்துல கை வைக்காத" என்றேன்.

"அக்கே, ஒயாட பிஸ்ஸுத? மழை வருது!"

"பைத்தியம் எனக்கில்ல. எனக்குக் கை இருக்கு. நீ போ."

போய்விட்டாள். நான் ஒருத்தியே ஓடி ஓடிச் சேர்த்தேன். வாளி நிறைந்தது. கையில் தூக்கிப் போவதெல்லாம் சின்னப் பெண்கள் வேலை என்று சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தேன். நிமிர்ந்து நடந்தவளுக்கு, மழைத்தண்ணி போகக் கீழே வெட்டியிருந்த கான் எப்படித் தெரியும்?

கால் கானுக்குள், நான் தரையில், வாளி என் தலையில் தொப்பி போல. ஒரு சொட்டு வீணாகவில்லை. அத்தனையும் என் மேல்தான்.

இனி மழையாவது வந்து கழுவிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த மழை நேராகக் கித்துல்கல பக்கம் போய்விட்டது. இங்கே வெயில் அடித்தது.

ஓடைக்குப் போயிருக்கலாம். ஆனால் ஓடைக்குப் போகும் பாதையில், பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போகிறவர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் போகட்டும் என்று மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பால் இறுகி, முடியும் கொண்டையும் துண்டும் ஒரே ரப்பர் கட்டியாக ஆகிவிட்டன.

நான் ஸ்டோருக்கு வரவில்லை என்று தேடிக்கொண்டு வந்தது சோமாவதிதான். பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தேங்காயெண்ணெய் போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"வெட்டத்தான் வேணும், அக்கே."

"வெட்டு."

நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய அம்மா எங்களைப் பூட்டி வைத்த அதே அறை. சுவரில் அந்த அம்மாவின் படம் மாட்டியிருந்தது. முடி கட்டி கட்டியாக என் மடியில் விழுந்தது.

வெட்டிக்கொண்டே சோமாவதி பேசினாள். "எம்மகன் அரபு நாட்டுக்குப் போயிட்டான். இங்க பொழைக்க முடியல. அதனாலதான் நான் மாத்தணும்னு சொல்றேன். தகரம்னு சொன்னது தப்பு, அக்கே. நீங்க பேசக்கூடாதுன்னு சொன்னதுக்கும் எனக்குக் கோவமில்ல. பேசினா நானும் நெருப்பு வெச்ச அந்த ஆளுங்க மாதிரி ஆயிருவேன்னு இத்தன வருசம் நெனச்சிருக்கீங்களே, அதுதான்…"

தலை லேசாக இருந்தது. தலை மட்டும்தான்.

"நெருப்புப் பெட்டின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது, சோமா" என்றேன். அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "அசையாதீங்க. காது போயிரும்" என்றாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் என் தலையைப் பார்த்த பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா! நம்ம ஆளு ஜெயிக்கணும்னு முடி எறக்கினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தச் செய்தி மூன்று டிவிஷனுக்கும் போய்விட்டது. (உண்மையைச் சொன்னால் வாளியைச் சொல்ல வேண்டும். நானும் கொஞ்சம் நிதானித்துவிட்டேன்.) அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கூட்டம். பாக்கியம் என்னை மேடையில் ஏற்றிவிட்டாள். வேட்பாளர் என் கழுத்தில் மாலையைப் போட்டு, "இந்தத் தாய் தன் முடியையே எனக்குத் தந்தார்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல். என் வாழ்நாளில் எனக்காக யாரும் அப்படிக் கைதட்டியதில்லை. ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் சோமாவதி நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்து, போகத் திரும்பினாள்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, மன்னிக்கணும். இது நேர்த்திக்கடன் இல்லீங்க. கான்ல வுழுந்து பாலு தலையில கொட்டிருச்சு. என் வீம்புதான் காரணம். முடிய வெட்டிவிட்டது அந்தா நிக்கிற சோமாவதி. அவ ஒங்களுக்கு ஓட்டுப் போட மாட்டா. ஆனா எனக்கு ஒண்ணுன்னா அவதான் வருவா."

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது பரவி மேடைக்கு வந்தது. வேட்பாளரும் சிரித்தார், வேறு வழியில்லாமல். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாயங்காலத்துக்குள் மற்றக் கட்சிக்காரர்கள், "ரெங்கம்மா முடி கொடுத்தது எங்களுக்குத்தான், அதைத்தான் மேடையில் சுற்றிவளைத்துச் சொன்னார்" என்று கிளம்பிவிட்டார்கள்.

யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதை என் வீட்டுக்காரருக்கே சொல்லவில்லை. சோமாவதி மாறவில்லை, பாக்கியமும் மாறவில்லை. சட்டத்தை மட்டும் நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

முடி அதற்குப் பிறகு தோளுக்குக் கீழே வளரவே இல்லை. தேர்தல் என்று ஒரு போஸ்டர் ஒட்டினால் போதும், "அம்மாச்சி, இந்தத் தடவ முடி யாருக்கு?" என்று பேரப்பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். எனக்கும் சோமாவதிக்கும் இப்போது வேலையில்லை. அவள் லயத்துக்கு ஏறி வருவாள், நான் தேத்தண்ணி ஊற்றுவேன். ஊற்றி முடித்ததும் மடியிலிருந்து, என் முடியை வெட்டிய அந்தக் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு கோப்பைக்கும் நடுவில் வைப்பாள்.

"ம், இப்ப கட்சிப் பேச்சு பேசலாம், அக்கே" என்பாள். "மொதல்ல நீங்க சொல்லுங்க."