மண்புழு மாப்பிள்ளை எந்த வரிசையில் நிற்பது?

மேடிசன், அமெரிக்கா,
அக்டோபர் 14

பெரியவர் மாமா அவர்களின் பாதம் தொட்டு மருமகன் நீலாத்ரி எழுதிக்கொள்வது. ஜகந்நாதர் புண்ணியத்தில் நானும் உங்கள் மகள் சுலக்னாவும் நலம். பலசோரில் அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

"கிரீன் கார்டு என்னாச்சு மாப்பிள்ளை?" என்று ஞாயிறுதோறும் போனில் கேட்கிறீர்கள், நானும் மழுப்புகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் விசா மார்ச்சில் முடிகிறது, அதற்குள் ஒரு வழியைப் பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வழி இரண்டு. என் மண்புழு ஆராய்ச்சியால் இந்த நாட்டுக்கு நன்மை என்று காட்டுவது ஒன்று. அது கிடைத்துவிடும், ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அதில் எவ்வளவு நீளமென்றால், கார்டு வரும்போது எனக்குப் பல் இருக்காது. மற்றது 'அசாதாரணத் திறமை' வழி. வரிசை சின்னது, ஆனால் உலகத்திலேயே உச்சியில் இருப்பவன் நான் என்று நிரூபிக்க வேண்டும். குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியாதவன் மாமா நான்! "மண்புழுவைக் கரைச்சுக் குடிச்சவங்க உலகத்துலயே நாப்பது பேர்தான் தம்பி, முதல் அஞ்சுக்குள்ள வந்தாப் போதும்" என்கிறார் வக்கீல் ரூத் அம்மா. என்னைவிடக் கெட்டிக்காரர்கள் முப்பத்தைந்து பேர் என்பது எனக்கல்லவா தெரியும்!

போதாததற்கு, முன்பின் பழகாத பெரியவர்கள் ஆறு பேர் என்னைப் புகழ்ந்து கடிதம் தர வேண்டும். அவர்களுக்கு நேரமில்லை, எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவார்கள், இங்கே அதுதான் வழக்கம். ஆறையும் நானே எழுதினேன். சுலக்னா படித்துப் பார்த்து, "யாருங்க இவரு? ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்களேன்" என்றாள். போன வாரக் கருத்தரங்கில் லிஃப்ட் திறந்தால் உள்ளே பேராசிரியை லிண்ட்க்விஸ்ட்! பத்து வருடமாக நான் கும்பிடும் ஆள், கடிதம் தர வேண்டிய ஆறு பேரில் ஒருவர். "நீலாத்ரியா? உன் கட்டுரையைப் படிச்சேன்பா, வா, ஒரு காபி குடிப்போம்" என்றார். காபி குடித்தால் பழகியவர் ஆகிவிடுவாரே, கடிதம் போச்சே! "நான் அவன் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒன்பது மாடியும் படியில் இறங்கி ஓடினேன். கழுத்தில் என் பெயர் அட்டை தொங்கியதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு ரூத் அம்மா ஆபீசில் மனுவில் கையெழுத்து. அசாதாரண வழிக்கே துணிந்துவிட்டேன். நிராகரித்துவிட்டால் எட்டு மாதப் பாடு வீண், வேலையும் இல்லை, உங்கள் மகளை எந்த முகத்தோடு அழைத்து வருவேன்? பயமாக இருக்கிறது மாமா. அத்தையும் நீங்களும் மனதார ஆசீர்வதியுங்கள்.

தங்கள் அன்பு மருமகன்,
நீலாத்ரி பாணிக்ராஹி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ரூத் அம்மா போன் செய்தார். மனைவி பிறந்த நாடு கேட்டார். "பலசோர், இந்தியா" என்றேன், கல்யாணப் பத்திரிகையில் நீங்கள் போட்டது அதைத்தானே! சமையலறையிலிருந்து ஒரு குரல்: "இல்லைங்க, பூடான். அப்பா அங்க அணை கட்டிக்கிட்டிருந்தப்போ பொறந்தேன்." ரூத் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி பிறந்த நாட்டு வரிசையிலும் நான் நிற்கலாமாம். முதலில் சொன்ன நன்மை வழியில் பூடான்காரர்களுக்கு அந்த நீள வரிசையே இல்லையாம். இனி யாரும் என்னைப் புகழ வேண்டாம். பிறப்புச் சான்றிதழைத் தேடி உடனே அனுப்புங்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சுலக்னாவிடம் எரிந்து விழுந்தேன். "எட்டு மாசமா உலகத்துல எல்லாரையும் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறாள்.