ஷரோல்தா ஜப்பான் போகவில்லை என்பது குறித்து

கலோச்சா,
மே மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் தேனெஷ் அவர்களுக்கு,

கால்மான் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் தங்கை ஷரோல்தாவும், நாயும் நலம். அங்கு தங்கள் முழங்கால், வீட்டம்மாவின் ரத்த அழுத்தம், திராட்சைக் கொடிகளின் மேல் விழும் மே மாதத்துப் பனி ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷரோல்தா ஜப்பானுக்குப் போகவில்லை. அவள் போகிறாள் என்று ஷோப்ரோனில் உள்ள உறவினர் அனைவருக்கும் தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள். தங்கள் பாதிரியாரும் பிரசங்கத்துக்கு முன்னால் அதை அறிவித்தாராம். எனவே, போகவில்லை என்பதையும் தாங்களே சொல்லிவிடுவதுதான் முறை. காரணம் கேட்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் நதி அலுவலகத்தில் வெள்ள அறிக்கை எழுதியவன் நான். கூட்டியும் குறைத்தும் எழுத எனக்கு வராது.

எங்கள் மகன் பிறந்த வருடத்திலிருந்து ஷரோல்தா இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறாள். ஆனால் ஜப்பானை அவள் கண்ணால் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பயிற்சி கொடுப்பதற்கென்றே புடாபெஸ்டில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதன் பணத்தில் வேறு யாராவது போய்வந்தார்கள், வந்து படம் காட்டினார்கள், ஷரோல்தா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தாள். இந்த அநியாயத்தைக் கண்டித்து மாவட்டப் பத்திரிகைக்கு நான் எழுதிய கடிதங்களைத் தாங்கள் படித்திருக்கிறீர்கள். ‘தலைநகரின் ஓரவஞ்சனை’ என்ற தலைப்பில் வந்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும் சொன்னீர்கள். தயவுசெய்து அதைக் கழற்றிவிடவும். காரணம் பின்னால் வருகிறது.

இந்த வருடம் பள்ளிக்கு வில்மா என்ற புதிய தலைமையாசிரியை வந்திருக்கிறார். விடுமுறையில் மலையேறுபவர். எதையும் பாதியில் விட்டுவிட்டு இறங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஷரோல்தாவைக் கேட்காமலேயே அவளுடைய பெயரை அறக்கட்டளைக்கு அனுப்பிவைத்தார். பயிற்சிக்கும் தங்குவதற்கும் நாங்கள் கொடுக்கிறோம், விமானச் செலவைப் பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறக்கட்டளை பதில் சொல்லியது. பள்ளியின் நிலைமையோ, மழை பெய்தால் உடற்பயிற்சிக் கூடத்தில் வாளி வைக்கிற நிலைமை. எனவே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு வில்மாவும் நானும் போனோம். அரசாங்க மனிதர்களோடு பேசிப் பழக்கப்பட்டவன் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்திருந்தார்.

“ஆசிரியர் மேம்பாட்டுக்குன்னு பணம் இருக்கு மேடம். இல்லேன்னு சொல்லலை. ஆனா அது உள்நாட்டுப் பயிற்சிக்கு,” என்றார் அதிகாரி.

“ஜப்பானிய மொழிக்கு உள்நாடு ஜப்பான்தானே?” என்றார் வில்மா.

“அது அவங்களுக்கு. நமக்கு உள்நாடு இது. வேணும்னா கெச்கெமேத்ல தீயணைப்புக் கருவிப் பயிற்சி ஒண்ணு நடக்குது, அதுக்கு ஒரு ஆளை அனுப்புங்க. மத்தியானச் சாப்பாடும் உண்டு.”

ஒரு பெயரையாவது கொடுக்காமல் எழுந்து வந்தால் அடுத்த வருடம் அதுவும் கிடைக்காது என்பதால், வில்மா ஷரோல்தாவின் பெயரையே கொடுத்தார். ஷரோல்தா போனாள். சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தாள். “ரொம்ப நல்ல பயிற்சி கால்மான்! இந்த வருஷத்துக்கு இதுவே போதும்னு தோணுது,” என்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் காரணமில்லாமல் இறங்கினால் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

பிறகு, ஊர்க்காரர்களிடமே வசூலிப்பது என்று முடிவாயிற்று. பள்ளி மைதானத்தில் கொப்பரைகளை ஏற்றி, மீன் சூப் காய்ச்சி விற்றோம். பெற்றோர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், “ஜப்பானா, அவ்வளவு தூரமா!” என்று ஆச்சரியப்பட்டார்கள், சில்லறையைப் போட்டுவிட்டுப் போனார்கள். உண்டியல் பாதிகூட நிரம்பவில்லை. அப்போதுதான், மீன் சூப் விஷயத்தில் எங்களுக்குப் பரம்பரைப் போட்டியான ஸெகெட் பக்கத்திலிருந்து ஒரு மாவுமில் முதலாளி வந்தார். பெரிய தொகைக்குக் காசோலை எழுதிக் கையில் தயாராக வைத்திருந்தார். கிண்ணத்தில் சூப்பை வாங்கிக் கரண்டியால் கிளறிப் பார்த்தவர், “இதென்ன, மீன் சூப்புல சேமியா கிடக்கு?” என்று கேட்டார்.

“கிடக்கலை ஐயா, போட்டிருக்கோம்,” என்றார் கொப்பரை அருகே நின்ற எங்கள் கசாப்புக்கடைக்காரர்.

“வயசானவங்களுக்கா?”

“பல்லு இருக்கிறவங்களுக்கு. உங்க ஊர்லதான் மீனை நசுக்கி வடிகட்டிக் குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொடுப்பாங்க.”

மில்காரர் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார். “இப்படிச் சாப்பிடறவங்களுக்கு எந்த மொழியும் வராது,” என்று சொல்லிவிட்டுக் காசோலையோடு காரில் ஏறிவிட்டார். பிறகு கசாப்புக்கடைக்காரர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்து, தம் கடையின் அன்றைய கல்லாவை அப்படியே உண்டியலில் கவிழ்த்தார். மருந்துக்கடைக்காரி அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? பல் டாக்டர், ரொட்டிக்கடை, எதிரெதிர்க் கட்சியைச் சேர்ந்த இரண்டு கவுன்சிலர்கள் என்று ஒருவர் மிச்சமில்லை. தாங்கள் அனுப்பிய பிளம் சாராயத்தை ஏலம் விட்டபோது, அதைக் குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற மனிதர்தான் எடுத்தார். இருட்டுவதற்குள் விமானச் செலவு சேர்ந்துவிட்டது. மைத்துனரே, ஜப்பானிய மொழி ஆசிரியர் பயிற்சிக்காக இந்த ஊரில் ஒருவரும் பணம் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் சேமியாவுக்காக. ஆனால் பணத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் டிக்கெட் வாங்கப்பட்டது.

டிக்கெட் வந்த மறுநாள் ஷரோல்தா வீட்டிலுள்ள திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தாள். அதற்கு அடுத்த நாள், துவைத்தவற்றையே மறுபடி துவைத்தாள். நான் குழாயை அடைத்துவிட்டு என்னவென்று கேட்டேன்.

“எனக்கு ஜப்பானிய மொழி தெரியுமான்னு எனக்கே தெரியலை கால்மான்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம்ம ஊர்க்காரர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் நம்ம ஊர்க்காரர்தான். நான் பேசறது சரியான்னு ஒரு ஜப்பான்காரர்கூட இதுவரைக்கும் சொன்னதில்லை. ஒரு தடவை புடாபெஸ்ட்ல டிராம்ல ரெண்டு பேரைப் பார்த்தேன். ஆசையா பேச்சுக் கொடுத்தேன். அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. இங்கிலீஷ்ல பதில் சொன்னாங்க.”

“உன்கிட்டப் படிச்ச பொண்ணு ஒண்ணு ஒசாகாவுல வேலை பார்க்குதே!”

“அவ அங்க போய் முதல்லேருந்து கத்துக்கிட்டிருப்பா. எனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லாம விட்டிருப்பா.”

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அறக்கட்டளை அவளை ஒருபோதும் ஒதுக்கவில்லை. இரண்டு தடவை அழைத்திருக்கிறது. ஒரு தடவை தங்கள் தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. இன்னொரு தடவை யாரும் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாதபோது. இரண்டு தடவையும் வரவில்லை என்று சொன்னவள் அவளேதான்.

“அப்போ நான் பத்திரிகைக்கு எழுதினதெல்லாம்?”

“நல்லாத்தான் இருந்துச்சு. எழுத்துப்பிழையெல்லாம் நான்தானே திருத்திக் கொடுத்தேன்.”

இந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் ஈரத் திரைச்சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் கோபப்படுவது சுலபமில்லை. ஓர் அளவுகோல் சரியா என்று சந்தேகம் வந்தால் இன்னோர் அளவுகோலை வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் அலுவலக வழக்கம். எனவே ஒரு ஜப்பானியரைச் சாப்பாட்டுக்கு அழைப்பது என்று நான் தீர்மானித்தேன். பக்கத்து ஊரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் என் பழைய சகாவின் மகள் ஆகோதா மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். அங்கே வேலை பார்க்கும் குதோ என்பவரை ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைத்துவர ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆகோதாவுக்குப் பல்வலி. குதோ தனியாகப் பேருந்து ஏறி வந்துவிட்டார்.

ஓய்வுபெறும் வயது, குட்டையான உருவம், நல்ல கோட்டு. கையில் எட்டுக் கார்னேஷன் பூக்கள். எட்டு அவர்கள் ஊரில் ராசியான எண்ணாம். இரட்டைப்படையில் பூவை நாம் கல்லறையில்தான் வைப்போம் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷரோல்தா பூக்களை ஒருதரம் எண்ணினாள், இன்னொரு தரமும் எண்ணினாள். ஆனாலும் நிமிர்ந்து நின்று, குனிந்து வணங்கி, வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வரவேற்பைச் சொன்னாள். குதோ அப்படியே விறைத்து நின்றார். காது இரண்டும் சிவந்தன. அவர் வாயிலிருந்து “ந்தா” என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு நீளமாக ஏதோ சொன்னார். மதகைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி எல்லாம் ஒன்றாக வந்தது. ஷரோல்தா மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார், அது முன்னதைவிட நீளம். ஷரோல்தாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சூப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள், வரவில்லை. போய்ப் பார்த்தால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வார்த்தை புரியலை. ஒரே ஒரு வார்த்தைகூட.”

“பசியா இருந்திருக்கும் மனுஷனுக்கு. பசியில நானே தெளிவாப் பேசமாட்டேன்.”

“இத்தனை வருஷமா அந்தப் பசங்களுக்கு நான் என்ன மொழி சொல்லிக்கொடுத்தேன் கால்மான்?”

அவளுடைய முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சூப்பை நானே எடுத்துப்போய் வைத்தேன். குதோ மூன்று கிண்ணம் சாப்பிட்டார். சேமியாவைப் பார்த்துத் தலையை ஆட்டி ஒப்புதல் தெரிவித்தார். ஸெகெட்காரர் அதைப் பார்த்திருக்க வேண்டும். கசகசா ரோலும் தங்கள் சாராயமும் ஆன பிறகு, டான்யூப் எந்த வருடத்தில் எவ்வளவு உயர்ந்தது என்று நான் சுவரில் கைவைத்துக் காட்டினேன். அவரும் தம் ஊரில் பனி எவ்வளவு உயரம் விழும் என்று நாற்காலிமேல் ஏறிக் காட்டினார். என்னளவில் பேச்சு திருப்தியாகவே இருந்தது. சமையலறைக் கதவைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

நேற்று ஷரோல்தா பள்ளிக்குப் போய் வில்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வில்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

“ஊரே சேமியாவுக்காகக் கொடுத்த பணம் ஷரோல்தா. திருப்பிக் கொடுத்தா அந்த மில்காரன் சொன்னது சரின்னு ஆயிடும்.”

“போனா மட்டும்? எனக்கு ஜப்பானிய மொழி தெரியும்னு நம்பித்தானே கொடுத்தாங்க. அது பொய்யில்லையா?”

எதையும் பாதியில் விடாத வில்மாவே அப்போது இறங்கிவந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை அறக்கட்டளைக்கு முறைப்படி தெரிவிப்பதாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் உறவினர்களுக்கும் பாதிரியாருக்கும் பக்குவமாகத் தெரிவித்துவிடவும். உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டாம். கால்மானுக்கு இடுப்புவலி, தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை என்று சொல்லிவிடுங்கள். இடுப்புவலி எனக்கு ஏற்கெனவே இருப்பதால் அது தங்கள் மனசாட்சியைத் தொந்தரவு செய்யாது. அவளுடைய வழியனுப்பு விருந்துக்கென்று வளர்த்த வாத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. சனிக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டு, ஜப்பான் என்ற சொல்லை எடுக்காமல் தங்கையோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகவும்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தங்களையும், தங்கள் திராட்சைக்கு நல்ல வெயிலையும் கோரும்,

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
கால்மான்.

பி.கு.: தபால்தலை ஒட்டி, உறையை மூடப்போகிற நேரத்தில் ஆகோதா தொலைபேசியில் கூப்பிட்டாள். “மாமா, குதோ சார் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலை. அத்தைகிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம்,” என்றாள். எதற்கு என்றேன். “அத்தை பேசினது ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி அவ்வளவு சுத்தமா இருந்துச்சாம். அதுக்கு முன்னால தன்னோட பட்டிக்காட்டுப் பேச்சை எப்படி எடுக்கிறதுன்னு கூச்சத்துல உளறிட்டாராம். அவர் வடகோடி ஊர்க்காரர் மாமா. டோக்கியோலேருந்து வந்த மேனேஜருக்கே அவர் சொல்றது விளங்காது. என்னைத்தான் கேப்பார்.” உனக்குப் புரியுமா என்றேன். “எங்க மாமா? அவர் எந்த மெஷினைக் காட்டறாரோ அதைப் பார்த்து நானா ஏதாவது சொல்லிடுவேன்.”

ஷரோல்தாவிடம் கொடுத்தேன். கேட்டாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், நாய் ஏற்கெனவே அதில் இருந்ததைக் கவனிக்கவில்லை. “நான் பேசினது அவருக்குப் புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்ததாம். இலையுதிர்காலத்தில் குதோவின் மகளுக்கு டோக்கியோவில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்கு முன் தமக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தர முடியுமா என்று கேட்கிறாராம். எப்போதிலிருந்து என்று ஷரோல்தா கேட்டாள். ஜப்பானிலிருந்து திரும்பிய பிறகு என்றும் தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

ஆகவே மேலே உள்ளது எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். வாத்தைச் சனிக்கிழமையே அடிக்கிறோம். ஆகோதா தொலைபேசியைக் குதோவிடம் கொடுத்திருக்கிறாள். அவர் நீளமாக ஏதோ சொல்வது எனக்கு இங்கே வரை கேட்கிறது. ஷரோல்தா கடைசிவரை கேட்டுவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் அவரிடம் ஒரே வரி சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“வாயை நல்லாத் திறந்து, இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன்,” என்றாள்.