பெயரே போதும் என்பவர்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இவரைச் சந்திக்காமல் நீங்கள் வெளியே வர முடியாது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கணினியை உங்களுக்குத் தெரியாதபடி ஒருபக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, நீங்கள் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து நீட்டுகிற சீட்டைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், "அதெல்லாம் வேணாம், பேரச் சொல்லுங்க" என்பாரே, அவர்தான். பெயரே போதும் என்பவர். இவர் ஒரு தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஓர் இனம். பெருகிக்கொண்டே போகிற இனம். அதில் ஒருவரை, எட்டு வருஷமாக இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து நான் பார்த்துவருகிற ஒருவரை, உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். நம்மவர் என்றே சொல்லிக்கொள்வோம். பெயரைச் சொல்லப்போய், அதே பெயருள்ள வேறு யார் தலையிலாவது பழி விழுந்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு கண் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில். நம்மவர் அதற்கு மேற்பார்வையாளர். தடித் தடியான நோட்டுகளில் இருந்த நோயாளிகளின் விவரமெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பு கிளவுடுக்குப் போய்விட்டது. போகும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் ஐடி கிடைத்தது. எழுத்தும் எண்ணுமாகக் கலந்து மொத்தம் எட்டு இடம். கணினிக்காரர்கள் அதைப் பதிவின் சாவி என்கிறார்கள். இரண்டு பேருக்குப் பெயர் ஒன்றாக இருக்கலாம், தெரு ஒன்றாக இருக்கலாம், பிறந்த வருஷம்கூட ஒன்றாக இருக்கலாம். ஐடி மட்டும் ஒருவருடையது இன்னொருவருக்கு வராது. ஒரு பதிவைத் திருத்துவதானாலும் அழிப்பதானாலும் அந்த ஐடியைக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கக் கணினிப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார்.

"பேர வெச்சுத் தேடிப் பாக்கலாம் சார். ஆனா மாத்தறதோ அழிக்கறதோ இருந்தா, சீட்ல இருக்கற ஐடியோட ஒத்துப் பாத்துட்டுத்தான் செய்யணும்."

நம்மவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, உங்க வீட்ல உன்னப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களா, நம்பர் சொல்லிக் கூப்பிடறாங்களா?"

அறையே சிரித்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும்தான் சிரித்தேன்.

"எங்க வீட்ல அந்தப் பேர்ல நான் ஒருத்திதான் சார்" என்றார் அந்தப் பெண். அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நம்மவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இது ஒரு கொள்கையாகிவிட்டது. மனிதனுக்கு மரியாதை அவன் பெயரில் இருக்கிறது, எண் போட்டு அழைப்பது சிறைச்சாலையில் என்று வருவோர் போவோரிடமெல்லாம் உபதேசம் செய்வார். கேட்கிறவர்களுக்கு மனசு குளிர்ந்துபோகும். ஆஹா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று பார்ப்பார்கள். இந்த மனிதநேயரின் கோப்பையை அவர்கள் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் காபிக் கோப்பைகள் பதினாறு, எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அச்சு. அவருடைய கோப்பையின் அடியில் மட்டும் மனைவியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளியும் பக்கத்தில் ஏழு என்ற எண்ணும் உண்டு. ஒருநாள் நான் தெரியாமல் அதை எடுத்துவிட்டேன். "அடியப் பாக்காம எடுக்கறதா? எல்லாம் ஒண்ணுபோல இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா?" என்று பொரிந்து தள்ளிவிட்டார். கோப்பை விஷயத்தில் மகா கெட்டிக்காரர்.

வேலை செய்யும் அழகைச் சொல்ல வேண்டும். பெயரில் பாதியைத் தட்டுவார். பட்டியல் வரும். முதல் வரியில் யார் இருக்கிறாரோ அவர்தான் நம்மவர் தேடுகிற ஆள். அந்தப் பட்டியல் எந்த வரிசைப்படி வருகிறது, ஏன் இவர் மேலே, அவர் கீழே என்று ஒருநாளும் கேட்டதில்லை. மேலே இருப்பவரின் ஐடியை அப்படியே எடுத்துக் கட்டத்தில் ஒட்டுவார். ஐடியைக் கொடுத்தாயிற்று, சட்டப்படி எல்லாம் சரி. "நிச்சயமாக அழிக்கவா?" என்று கணினி கேட்கும். "நிச்சயம் இல்லாமயா உக்காந்திருக்கேன்?" என்று அதனிடமே சொல்லிக்கொண்டு பொத்தானை அமுக்குவார். படிக்கத் தெரிந்த மனிதர்தான். படிக்க நேரமில்லை, அவ்வளவே.

ஒரு பஸ் டிரைவர் வீடு மாறிவிட்டதாக வந்து சொன்னார். அவர் பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். எது இவர் என்று பார்ப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகவே, நம்மவர் ஐந்தையும் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கிவிட்டார். ஒரே மதியத்தில் ஐந்து பேரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள். அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு ஐந்து கடிதங்கள் போயின. ஒன்றில் சர்க்கரை நோயாளி என்று இருந்தது, ஒன்றில் மாறுகண், இன்னொன்றில் வயது எண்பத்தொன்று. டிரைவரின் மனைவி கடிதங்களோடு நேரே வந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன். வயச மறைச்சுட்டாரா, இல்ல நீங்க ஏத்திட்டீங்களா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று ஜன்னலடியில் நின்று கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மற்ற நான்கு பேருக்கும் கடிதம் போகவில்லையே, அவர்கள் எந்தத் தேதியைத் தவறவிட்டார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

திருத்துவது அன்றாட வேலை. அழிப்பதுதான் நம்மவருக்குப் பேரின்பம். வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்ட களைப்பு தீர, ஒரே பெயர் இரண்டு தடவை வருகிற பதிவுகளைத் தேடிப்பிடித்து ஒன்றை எடுத்துவிடுவார். அதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர். வருஷக் கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "முந்நூத்திப் பன்னெண்டு இரட்டைப் பதிவுகள நீக்கியிருக்கேன்" என்றார். நிர்வாகி கைதட்டினார், நாங்களும் தட்டினோம், அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் எத்தனை பேர் உண்மையிலேயே ஒரே ஆள், எத்தனை பேர் இரண்டு ஆள்? நோட்டுக் காலத்தில் ஒரு பெயரை அடித்தால் கோட்டுக்கு அடியில் அந்தப் பெயர் தெரியும். திரையில் அழித்த இடம் தெரிவதில்லை, கீழ் வரி மேலே ஏறி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இனி அந்தத் தையற்கார அம்மாவின் கதை.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு சிறிய கடை அவருக்கு. பள்ளிச் சீருடை தைப்பதில் பெயர் பெற்றவர். சின்ன வயதில் கத்தரிக்கோல் பட்டு வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்கப் பக்கத்துக் கடைச் செருப்புத் தைப்பவரைக் கூப்பிட வேண்டிய நிலை. ஏழு மாதம் காத்திருந்து அவருக்கு ஆபரேஷன் தேதி கிடைத்திருந்தது. அதே தெருவின் மறுகோடியில் அதே பெயரில், அதே வயதில் ஓர் ஓய்வுபெற்ற டீச்சர். அவரும் புரைக்குப் பதிவு செய்து காத்திருந்தவர்.

தேதிக்கு ஆறு நாள் முன்பு டீச்சர் வேறு ஊரிலிருந்து போன் செய்தார். நம்மவர் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் பிரிவு முழுக்கக் கேட்டோம்.

"மக வீட்டுக்கு வந்த எடத்துலயே எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சுங்க. அங்க லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துடுங்க. ஐடி சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"ஐடியெல்லாம் எதுக்கு டீச்சர்? உங்களத் தெரியாதா எனக்கு?"

அவரை இவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

பெயரில் பாதி தட்டினார். இரண்டு வரி வந்தன. மேல் வரியை அழித்தார். கீழ் வரியில் இருந்தவர்தான் டீச்சர்.

ஆபரேஷன் தேதியன்று காலையில் அந்த அம்மா வந்தார். கையில் ஒரு பை, அதில் துண்டும் மாற்றுத் துணியும். கடைக்குப் பூட்டு போட்டு, இரண்டு பள்ளிகளின் சீருடையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, வாடிக்கையாளர்களிடம் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஜன்னலில் நின்றதும் சீட்டைக்கூடப் பிரிக்காமல் மனப்பாடமாகச் சொன்னார். அளவு நாடாவோடு முப்பது வருஷம் வாழ்ந்தவருக்கு எண் மறக்குமா?

"எம் நாலு ஏழு ஏழு, கியூ ரெண்டு ஒம்போது ஒண்ணு."

"நம்பரெல்லாம் வேணாம்மா. பேரச் சொல்லுங்க."

சொன்னார். நம்மவர் தட்டினார். முகம் மலர்ந்தது.

"அட, டீச்சரா! நீங்கதான் அங்கயே பண்ணிக்கிட்டேன்னு போன் பண்ணீங்களே. மறுபடி எதுக்கு வந்தீங்க?"

"நான் டீச்சர் இல்லீங்க. டெய்லர்."

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா. ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு நீங்களே சொன்னீங்க."

"ஆயிருந்தா எனக்குத் தெரியாதுங்களா?"

நம்மவர் எழுந்து, கண்ணாடி ஜன்னலில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து அந்த அம்மாவின் கண்ணை உற்றுப் பார்த்தார். பார்த்தது வலது கண்ணை. "தழும்புகூடத் தெரியுதே. இந்தக் கண்ணுல பண்ணியிருக்காங்க பாருங்க" என்றார். ஊர்பேர் தெரியாத ஒரு டாக்டர் செய்த ஆபரேஷனுக்கு, அந்த அம்மாவின் சின்ன வயதுக் காயத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். என்ன துணிச்சல்! எனக்கு அப்போதுதான் முதல்முறையாக அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. கணினிப் பிரிவுக்குப் போன் செய்தேன், அதுவும் மெதுவான குரலில்.

அந்தப் பெண் படியிறங்கி ஓடி வந்தார். அம்மாவிடம் ஐடியைக் கேட்டு எழுதிக்கொண்டார். அழித்தவற்றின் பிரதியில் அந்த ஐடியைத் தேடினார். கிடைத்தது. இடது கண், புரை, ஏழு மாதக் காத்திருப்பு, தேதி, எல்லாம் இருந்தன. அப்படியே திரும்ப ஏற்றினார். மொத்தம் நாலு நிமிஷம். ஆனால் ஆறு நாளாகக் காலியாக இருந்த அவருடைய இடத்தில் வேறொருவரை எழுதி, அவரை மேசையில் படுக்கவைத்துச் சொட்டு மருந்தும் விட்டாகிவிட்டது. அடுத்த இடம் ஒன்பது வாரம் கழித்துத்தான்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. "ஒம்பது வாரம் கடைய மூடி வெச்சா யாரு திரும்பி வருவாங்க?" என்று மட்டும் கேட்டார், யாரையும் பார்த்து அல்ல. பிறகு சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நம்மவர் வருந்தினாரா? வருந்தாமல் என்ன! "பெத்தவங்க பேர் வெக்கறப்ப கொஞ்சம் யோசிச்சு வெக்கணும். ஒரே தெருவுல ரெண்டு பேருக்கு ஒரே பேரு. கடைசில கெட்ட பேரு நமக்கு" என்று நாள் முழுக்க வருந்தினார். மறுநாள் ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். பதிவுகளை அழிக்கும்போது ஊழியர்கள் ஐடியைக் கட்டாயம் ஒத்துப் பார்க்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. அதன் பிரதியை எனக்கும் ஒன்று கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று முகங்கள் மனசில் வந்து போயிருக்கும். அடடா, அப்படியே அந்த ஆள்தான் என்று பக்கத்தில் இருப்பவருக்குப் படித்தும் காட்டியிருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் உங்கள் கைபேசியில் இடமில்லை என்று வந்ததும், பெயர்ப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே? டெய்லர் என்று இரண்டு இருந்தது. இரண்டு எதற்கு என்று மேலே இருந்ததை எடுத்துவிட்டீர்கள். எண்ணைப் பார்த்தீர்களா?

அந்த அம்மாவுக்குப் போன வாரம் கட்டுப் பிரித்துவிட்டார்கள். நன்றாகத் தெரிகிறதாம், நூலைத் தானே கோத்துக்கொள்கிறார். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறார். உங்களையும் மூன்று தடவை அழைத்தாராம். தெரியாத நம்பர் என்று நீங்கள் எடுக்கவில்லை.